சரளைக் குழியின் மேல் குடியிருப்பு வேண்டாம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வில்லமெட் ஆற்றுப் பள்ளத்தாக்கில், சரளை அள்ளி முடித்துச் சீரமைக்கப்பட்ட ஆற்றோர நிலங்களை நகர வளர்ச்சி எல்லைக்குள், அதாவது நகரம் எதுவரை பரவலாம் என்று வரையப்பட்ட கோட்டுக்குள், கொண்டுவரலாமா என்பதே இன்றைய கேள்வி. கொண்டுவரக் கூடாது என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் வைத்த வாதம் வலுவானது. ஆளுநர் டாம் மெக்கால் காலத்தில், 1973இல் வந்த நிலப்பயன்பாட்டுச் சட்டம் நகரங்களை எல்லைக்கோடு வரையச் சொன்னதே விளைநிலத்தைக் காப்பதற்குத்தான். அப்படியிருக்க, நல்ல மண்ணில் கைவைப்பதைவிட ஏற்கெனவே தோண்டிப் பாழான நிலத்தில் வீடு கட்டுவது நியாயம்தானே என்று அவர் கேட்டார். விளைநிலத்தின்மேல் அவருக்குள்ள அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பாழான நிலம் யாருடைய வழியில் கிடக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை.

ஆறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தடம் மாறி மாறி ஓடி, கொண்டுவந்து கொட்டியதால்தான் அங்கே சரளை கிடைத்தது. அதை அள்ளும்போது குழியின் அடி பல இடங்களில் ஆற்றுப்படுகையைவிடத் தாழ்ந்துபோகிறது. பின்னர் சரளை கழுவிய கசடையும், ஒதுக்கி வைத்திருந்த மேல்மண்ணையும் கொட்டி நிரப்பி, புல் விதைத்துவிட்டால் நிலம் பார்வைக்குப் பச்சையாகத்தான் இருக்கும். அந்தப் புல்லுக்கடியில் இருப்பதோ நீர் ஊறிய நுண்மண். 1700ஆம் ஆண்டில் ஏறத்தாழ 9 என்ற அளவுக்குக் குலுங்கிய, கடற்கரைக்கு அப்பால் கடலடியில் கிடக்கும் காஸ்கேடியா நிலப்பிளவு மறுபடி அசைந்தால், முதலில் குழம்பாகி இளகுவது இத்தகைய மண்தான்.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வெள்ளமோ நம் கண்முன்னே வந்து போயிருக்கிறது. 1996 பிப்ரவரி வெள்ளத்தில், பார்ட்டன் ஊருக்கருகே கிளாக்கமஸ் ஆறு தன் பழைய வளைவைக் கைவிட்டுச் சரளைக் குழிக்குள் புகுந்து, அதையே தன் தடமாக்கிக்கொண்டது. அதே ஆண்டில் மாநில எல்லைக்கு அப்பால் வாஷிங்டன் மாநிலத்தில் லூயிஸ் ஆற்றின் கிழக்குக் கிளையும் ரிட்ஜ்ஃபீல்டு சரளைக் குழிகளுக்குள் பாய்ந்தது. குழிக்குள் திரும்பிய ஆறு மேல்புறத்தில் தன் படுகையை அரித்து ஆழமாக்கி, இரு கரைகளையும் சரித்துக்கொண்டே போகும் என்பதால், குழியில் கட்டிய வீட்டோடு சேதம் நின்றுவிடுவதில்லை.

உயர்ந்த கரை எழுப்பினால் போதும் என்பார்கள். சரளை நிலத்தில் தண்ணீர் கரையைத் தாண்டி வர வேண்டியதில்லை, அடியில் ஊறியே உள்ளே வந்துவிடும். கரையை நம்பியதன் விலையை இந்த மாநிலம் ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. கப்பல் கட்டும் தொழிலாளர்களுக்காக, போர்ட்லாந்தை ஒட்டிய கொலம்பியா ஆற்றுத் தாழ்நிலத்தில் 1942இல் எழுப்பத் தொடங்கிய வான்போர்ட் என்னும் ஊரில், 1948 மே 30ஆம் நாள் காலை வீடுதோறும் ஒரு துண்டறிக்கை கொடுத்தார்கள்; கரைகள் இப்போதைக்குப் பாதுகாப்பாக உள்ளன என்று அதில் இருந்தது. அன்று மாலையே ரயில்பாதைக் கரை உடைந்து, ஏறத்தாழ 18,500 பேர் வீடிழந்தனர். குறைந்தது 15 பேர் இறந்தனர். அது சுரங்க நிலமன்று என்பது உண்மைதான். ஆற்றின் இடத்தில் கரையை மட்டும் நம்பி மக்களைக் குடியேற்றியதுதான் அங்கே நடந்த தவறு. இன்று கேட்கப்படுவதும் அதற்கான அனுமதிதான்.

இந்த நிலத்துக்கு உருப்படியான வேறு பயன் இருக்கிறது. ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அருகே, வில்லமெட் ஆற்றின் இரு கிளைகள் கூடுமிடத்தில், சரளை அள்ளிய பகுதியையும் உள்ளடக்கிய ஏறத்தாழ 1,270 ஏக்கரை ஓர் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் வாங்கி, குழிகளை ஆற்றோடு மறுபடி இணைத்தது. இளம் சினூக் சால்மன் மீன்கள் குளிர்கால வேகநீரிலிருந்து ஒதுங்குவது இத்தகைய பக்கவாய்க்கால்களில்தான். அழிவின் விளிம்பிலிருந்த ஓரிகன் சப் என்னும் சிறுமீன் 2015இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீங்கியதும் இப்படிப்பட்ட தேங்குநீர் கிடைத்ததால்தான்.

அப்படியானால் வீட்டுக்கு எங்கே போவது என்று அடுத்த பேச்சாளர் கேட்பார். அதற்கு விடை எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே இருக்கிறது. 25,000 பேருக்கு மேல் வாழும் நகரங்களில் ஒற்றை வீட்டுப் பகுதிகளில் நான்கு வீடுகள் வரை கட்டலாம் என்று 2019இல் சட்டமே வந்துவிட்டது. குழாயும் சாலையும் பேருந்தும் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும் அந்த மனைகளை நிரப்பாமல் குழிக்கு ஓடுவதற்கு எதிரணி இதுவரை ஒரு காரணமும் காட்டவில்லை. ஆகவே, எல்லைக்கோடு ஆற்றுத் தாழ்நிலத்துக்குள் இறங்காமல் மேட்டின் விளிம்போடு நிற்கட்டும் என்று தீர்ப்பளிக்குமாறு நடுவர் அவர்களை வேண்டுகிறேன். நன்றி.