நடு வரியில் விரல் வையுங்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தர்மபுரி மாவட்டத்தில் முப்பத்தொரு ஆண்டு ஆசிரியராக இருந்தேன். அதில் பத்தொன்பது ஆண்டு சித்தேரி மலையில், ஓர் ஈராசிரியர் பள்ளியில். நம் மாவட்டத்தில் தொடக்கக் கல்வி மேம்பட என்ன செய்யலாம் என்று வானொலியில் பேச அழைத்திருக்கிறார்கள். கட்டடம், கழிப்பறை, கணினி எல்லாம் வேண்டியவைதான். ஆனால் என் மனத்தில் நெடுநாளாக இருப்பது ஒரே கேள்வி. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் பிள்ளை தானாக வாசிக்கிறதா?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பையன். அவன் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மலைக்குப் போன புதிது. இரண்டாம் வகுப்பில் ஒரு பையன், கணீரென்ற குரல். பாடத்தை எடுத்து வாசி என்றால் எழுந்து நின்று, புத்தகத்தை நெஞ்சுக்கு நேரே பிடித்து, விரலை வரிமேல் ஓட்டிக்கொண்டே ஒரு தடங்கல் இல்லாமல் வாசிப்பான். மற்ற பிள்ளைகள் அவன் பின்னால் சொல்வார்கள். ஆண்டாய்வுக்கு வந்த அதிகாரி அவன் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறு வருடம் ஐப்பசி மழை. ஓட்டுக் கட்டடம், ஒழுகும். புத்தகங்கள் நனைந்து தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் வாசித்துக்கொண்டிருக்கிறான், நான் அவனுக்குப் பின்னால் நிற்கிறேன். பக்கம் புரட்டும்போது இரண்டு தாள் சேர்ந்து புரண்டுவிட்டது. கண் முன்னால் இருப்பது வேறு பாடம், வேறு படம். வாய் மட்டும் பழைய பாடத்தையே சொல்லிக்கொண்டு போகிறது! விரலும் நிற்காமல் ஓடுகிறது.

"எதைப் பார்த்து வாசிக்கிறே தம்பி?" என்று கேட்டேன். "பாடம் வாயிலயே இருக்குது சார்" என்றான். பயந்து சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னான்.

நடு வரியில் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்றேன். அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். விடை என் முகத்தில் இருக்குமா என்று தேடினான். அந்தப் பார்வையை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று மாலைக்குள் இரண்டாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இருந்த இருபத்தாறு பேரையும் உட்காரவைத்து, இதே மாதிரி நடு வரியில் விரல் வைத்துக் கேட்டேன். வாசித்தவர்கள் ஒன்பது பேர். மற்றவர்கள் எல்லாரும் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒன்றரை வருடமாக நான் அதை வாசிப்பு என்று நம்பியிருக்கிறேன்.

சரி, அப்புறம் என்ன செய்தேன் என்கிறீர்களா? புத்தகத்தை மூடிவைத்தேன். அவன் வீட்டில் ஆடுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. கருப்பி, செவலை, மொட்டைக்காது. அந்தப் பேர்களைச் சாக்பீஸால் தரையில் எழுதினேன். செவலை எது, கருப்பி எது என்று இரண்டே நாளில் பிரித்துச் சொன்னான். 'செவலை'யிலிருந்து 'செ' வந்தது, 'கருப்பி'யிலிருந்து 'க' வந்தது. பாடத்தில் 'க' என்றால் கப்பல் என்று இருக்கும். மலைப் பிள்ளை கப்பலை எங்கே பார்த்தது? அதற்குக் களி தெரியும், தினமும் தின்கிறது. களியை எழுதிக் காட்டினால் 'க' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பங்குனி வருவதற்குள் அவன் வாசித்தான். தடுக்கித் தடுக்கி, ஆனால் கண்ணால் பார்த்து வாசித்தான்.

கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாமார்களே, இன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் இதைச் செய்து பாருங்கள். நடு வரியில் விரல் வையுங்கள். உங்களுக்கு எழுத்து தெரியாதா? பரவாயில்லை. ஒரு வரியைக் கடைசிச் சொல்லிலிருந்து முன்னால் நோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரிந்த பிள்ளை சொல்லிவிடும். மனப்பாடம் செய்த பிள்ளை நின்றுவிடும். நிற்கிற பிள்ளையை மட்டும் அடிக்காதீர்கள். மறுநாள் ஆசிரியரிடம் வந்து சொல்லுங்கள், அது போதும்.

இது ஏன் நடக்கிறது? ஆசிரியர் சோம்பேறி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஈராசிரியர் பள்ளியின் ஒரு நாளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளைச் சேர்த்து வைத்துக்கொள்வார். மற்றவர் நான்கும் ஐந்தும். தலைமையாசிரியர் கூட்டத்துக்காக அரூர் போய்விட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். அந்த நேரத்தில் எல்லாரையும் ஒரே குரலில் சொல்லவைப்பதுதான் ஒரே வழி. 2009 கல்வி உரிமைச் சட்டமும் அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்றுதான் கணக்குப் போட்டிருக்கிறது. அது தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. மலைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 விழுக்காடு. நம் தர்மபுரி 68.54. மாநிலத்திலேயே கடைசி. 1994-இல் மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தபோது, பெண்கள் எழுத்தறிவு மிகவும் பின்தங்கிய மாவட்டங்களைத்தான் தேடி எடுத்தார்கள். அதில் முதல் கட்டத்திலேயே நாம் இருந்தோம். அந்தத் தாய்மார்களின் பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் பாடம் எடுத்தோம். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பள்ளியில் விட்டால் பிடிக்க வேறு இடமே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் ரிஷி பள்ளத்தாக்கில், ஓராசிரியர் பள்ளிகளுக்கென்றே அட்டைகளை வைத்து ஒரு முறை உருவாக்கினார்கள். அது 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்கு வந்து, 2007-08-இல் செயல்வழிக் கற்றல் என்று எங்கள் மலைக்கும் வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணிப்படி மாதிரி ஏறும். எனக்கு அதில் மிகவும் பிடித்தது கீழ்மட்டக் கரும்பலகை. சுவரைச் சுற்றி, பிள்ளையின் இடுப்பு உயரத்தில், ஆளுக்கு ஒரு கட்டம். ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும். உட்கார்ந்து பார்த்தால் எந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். எந்தப் பிள்ளையும் கூட்டுக் குரலுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

நாளடைவில் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. அட்டையை அடுக்குவதே வேலையாகிவிட்டது என்று சக ஆசிரியர்கள் வருந்தினார்கள், அதிலும் நியாயம் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற திட்டம் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிப்பது நல்ல யோசனை. ஆனால் அரும்பில் இருக்கும் பிள்ளையின் பக்கத்தில் தினமும் பத்து நிமிடமாவது ஒருவர் உட்கார வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தை ஆசிரியருக்கு யார் தருவது? பதிவேடும் கைபேசியில் ஏற்றும் விவரமும் அதைத் தின்றுகொண்டிருக்கின்றன.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறதாம். புளி உலுக்கும் மாதத்தில் வகுப்பு காலியாவதைப் பற்றியும், பெற்றோர் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் போனபின் பாட்டியிடம் வளரும் பிள்ளைகளைப் பற்றியும் விரிவாகப் பேசலாம் என்றிருந்தேன். முடியவில்லை. பள்ளியில் தரும் காலை உணவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2022-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. பதினோரு மணிக்குத் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளைப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னும் ஒன்றே ஒன்று. மலைக்கு வருகிற ஆசிரியர் அடுத்த இடமாறுதல் கலந்தாய்விலேயே இறங்கிவிடுகிறார். தங்க வீடு இல்லை, கடைசிப் பேருந்தை விட்டால் வழியும் இல்லை. பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்களே, அடுத்த கூட்டத்தில் சுற்றுச்சுவர் கேட்கும் முன் ஆசிரியருக்கு ஊரில் ஒரு வீடு கேளுங்கள். நேரமாகிவிட்டது. நன்றி, வணக்கம்.