எந்த எறிவை விட்டுக்கொடுப்பது?

நேயர்களுக்கு வணக்கம். பருவத்தின் முடிவில் கோப்பைக்காக நடக்கும் வெளியேற்றச் சுற்றான பிளே-ஆஃபில், ஓர் ஆட்டத்திற்கு முந்தைய நாளில் கூடைப்பந்து ரசிகர்கள் தமக்குள் நடத்திக்கொள்ளும் வியூக விவாதங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தொடக்க ஐவரில் யார் இருக்க வேண்டும், எதிரணியின் நட்சத்திர வீரரை யார் தடுக்க வேண்டும், கடைசி நிமிடத்தில் பந்து யார் கையில் இருக்க வேண்டும் என்று நள்ளிரவு வரை நீளும் இந்த வாதங்களை வெட்டிப் பேச்சு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. ஆயினும் இவற்றில் பெரும்பாலானவை தவறான கேள்வியிலிருந்து புறப்படுகின்றன என்று கருதுகிறேன். அது ஏன் என்பதை அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ. ஆட்டங்கள் சிலவற்றைக் கொண்டு சொல்ல முயல்கிறேன்.

என்.பி.ஏ.வின் வழக்கமான பருவத்தில் ஒவ்வோர் அணியும் 82 ஆட்டங்கள் ஆடுகிறது. இன்று ஓர் எதிரணி, நாளையோ மறுநாளோ வேறொரு நகரத்தில் வேறோர் எதிரணி. ஒவ்வோர் அணியையும் நுணுகி ஆராயப் பயிற்சியாளருக்கு நேரம் கிடைப்பதில்லை; தன் வீரர்களுக்கு எது நன்றாக வருமோ அதையே செய்யச் சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறார். பிளே-ஆஃபில் நிலைமை முற்றிலும் மாறிவிடுகிறது. ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை ஆட வேண்டும். நான்கை முதலில் வெல்வோர்க்கே அடுத்த சுற்று. இடையில் வரும் ஓய்வு நாட்களில் இரு தரப்பும் முந்தைய ஆட்டத்தின் பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கின்றன. பருவத்தில் ஒன்பது, பத்துப் பேரைச் சுழற்சியில் ஆடவைத்த பயிற்சியாளர் இப்போது ஏழெட்டுப் பேரோடு நிறுத்திக்கொள்கிறார். இரண்டாவது ஆட்டம் முடிவதற்குள் ஒருவரின் பலவீனம் மற்றவருக்குத் தலைகீழ்ப் பாடமாகிவிடும்.

இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் வாதாடுவதுதான் ரசிகர்களின் முதல் சிக்கல். நம் அணியில் சிறந்தவர் யார், எதிரணியில் சிறந்தவர் யார் என்று இரு பட்டியல்களை அருகருகே வைத்து ஒப்பிடத் தொடங்குகிறார்கள். களத்திலோ ஐந்து தடுப்பாட்டக்காரர்களால் எல்லா இடத்தையும் மூட முடியாது. குட்டையான போர்வை அது. தலையை மூடினால் கால் வெளியே தெரியும். ஆகவே பயிற்சியாளர் உண்மையில் முடிவு செய்வது எதை மூடுவது என்பதைவிட, எதைத் திறந்து விடுவது என்பதைத்தான். எந்த வீரர், எந்த இடத்திலிருந்து, எவ்வளவு வசதியாக எறிய நாம் சம்மதிக்கிறோம்? இந்தக் கேள்விக்கு விடை சொல்லாத எந்த வியூகமும், அது எவ்வளவு உணர்ச்சியோடு முன்வைக்கப்பட்டாலும், பாதி வியூகம்தான்.

இன்றைய ஆட்டத்தில் மிக அதிகமாக நிகழும் பிக் அண்ட் ரோல் நகர்வையே எடுத்துக்கொள்வோம். பந்தை வைத்திருப்பவரைத் துரத்தும் தடுப்பாட்டக்காரரின் வழியில் பந்துக்காரரின் தோழர் ஒருவர், பெரும்பாலும் வளையத்தருகே ஆடும் உயரமான சென்டர், சுவர்போல நின்று மறிக்கிறார். பந்துக்காரர் அவரை உரசிக்கொண்டு கடந்துபோகிறார். மறித்தவர் உடனே திரும்பி வளையத்தை நோக்கி ஓடுகிறார். இதைத் தடுக்க மூன்று முதன்மையான வழிகள் உண்டு. உயரமான தடுப்பாட்டக்காரர் வளையத்துக்கு அருகே பின்வாங்கி நிற்கலாம். அப்போது உள்ளே நுழைவது கடினமாகும், ஆனால் பந்துக்காரருக்கு நடுத்தூரத்திலும் மூன்று புள்ளிக் கோட்டிலும் (அதற்கு வெளியிலிருந்து விழும் எறிவுக்கு மூன்று புள்ளி) எறியச் சற்று இடம் கிடைக்கும். இரு தடுப்பாட்டக்காரர்களும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். அப்போது எறிய இடம் கிடைக்காது, ஆனால் மெதுவான உயரக்காரர் பந்தை நடத்திச் செல்லும் வேகமான கார்டின் முன்னால் தனியே மாட்டிக்கொள்வார். இருவரும் சேர்ந்து பந்துக்காரரை நெருக்கலாம். அப்போது அவர் பந்தைக் கைவிட்டே ஆக வேண்டும், ஆனால் அது போய்ச் சேரும் இடத்தில் நான்கு பேருக்கு மூன்று பேர்தான் காவல். மூன்றுக்கும் விலை உண்டு. 'நாளை நம் அணி ஆளை மாற்றிக்கொண்டே ஆட வேண்டும்' என்று ஒருவர் சொன்னால், 'சரி, நம் சென்டரை அவர்கள் தேடிப்பிடித்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு இழுத்துவரும்போது என்ன செய்வோம்?' என்பதுதான் எதிரே இருப்பவர் கேட்க வேண்டிய கேள்வி.

2021-இல் யூட்டா ஜாஸ் அணிக்கு நேர்ந்தது இதற்குச் சரியான பாடம். 72 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தில் 52 வெற்றி, 20 தோல்வி என்ற கணக்கோடு என்.பி.ஏ.வின் முதலிடம் அவர்களுடையது. வளையத்தருகே நின்று காவல் காத்த ரூடி கோபேர் அந்த ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதைப் பெற்றவர். இரண்டாவது சுற்றில் லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸ் அணிக்கு எதிராக முதல் இரண்டு ஆட்டங்களையும் யூட்டாவே வென்றது. பிறகு கிளிப்பர்ஸ் உயரமான சென்டரை ஓரம் கட்டிவிட்டு, ஐவரும் வெளியிலிருந்து எறியக்கூடிய குழுவை இறக்கியது. ஆறாவது ஆட்டத்தில் யூட்டா 25 புள்ளிகள் முன்னிலையில் இருந்தும் 131-119 என்று தோற்று வெளியேறியது. கோபேரின் பொறுப்பில் விடப்பட்டிருந்த கிளிப்பர்ஸ் வீரர் டெரன்ஸ் மான், மூலையில் தனியாக நின்று எறிந்தவையும் சேர்த்து 39 புள்ளிகள் குவித்தார். கிளிப்பர்ஸின் முதன்மை வீரரான கவாய் லெனார்ட் காயத்தால் அந்த ஆட்டத்தில் ஆடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கோபேர் தோற்றுப்போனார் என்று அன்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். எனக்கு அது அரைகுறைத் தீர்ப்பாகவே படுகிறது. வெளிவட்டத்தில் நின்ற யூட்டா வீரர்கள் பந்துக்காரரை மீண்டும் மீண்டும் உள்ளே விட்டதால்தான் கோபேர் மூலையை விட்டு வளையத்துக்கு ஓட வேண்டியிருந்தது. மூலை திறந்தது அதன் விளைவு. மான் எறியட்டும் என்பது அணி தெரிந்தே செய்த தேர்வு. மூன்றாவது, நான்காவது எறிவும் கூடையில் விழுந்த பிறகும் அந்தத் தேர்வை மாற்றாமல் இருந்ததே விவாதத்திற்குரியது.

விட்டுக்கொடுத்து வென்றதற்கும் உதாரணம் உண்டு. 2015 இறுதிச் சுற்றில் கிளீவ்லேண்ட் கேவலியர்ஸ், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியை முதல் மூன்று ஆட்டங்களில் 2-1 என்று பின்தள்ளியிருந்தது. நான்காவது ஆட்டத்தில் வாரியர்ஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், சென்டர் ஆண்ட்ரூ போகட்டை உட்காரவைத்துவிட்டு, அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தொடக்க ஐவரில் இடம்பெறாத ஆண்ட்ரே இக்வொடாலாவை முதலிலேயே இறக்கினார். இந்த யோசனையைத் தந்தவர் நிக் யூரன் என்ற இளம் உதவியாளர். முந்தைய ஆண்டின் இறுதிச் சுற்றில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணி தியாகோ ஸ்ப்லிட்டருக்குப் பதிலாக போரிஸ் டியாவை ஆட்டத்தின் தொடக்கத்திலேயே இறக்கியதைப் பதிவுகளில் பார்த்து அவர் இதைக் கண்டெடுத்தார். எதிரணிக்குத் தெரியக்கூடாது என்பதற்காக, தொடக்க ஐவரில் மாற்றம் இல்லை என்று செய்தியாளர்களிடம் கெர் பொய்யே சொல்லிவிட்டார். ஆட்டத்திற்கு முன் வெளியாகும் பேட்டிகளை வேதவாக்காக எடுத்துக்கொண்டு வாதாடும் ரசிகர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைப்பது நல்லது.

உயரமான போகட் இல்லாதபோது கிளீவ்லேண்டின் சென்டர் திமோஃபி மோஸ்கோவ் என்ன செய்வார் என்பது எவருக்கும் தெரிந்ததே. அவர் 28 புள்ளிகள் எடுத்தார். அப்படியிருந்தும் வாரியர்ஸ் 103-82 என்று வென்றது. மோஸ்கோவ் வளையத்தடியில் எடுக்கும் இரண்டு இரண்டு புள்ளிகளை அவர்கள் விலையாகக் கொடுத்தார்கள்; அதற்கு ஈடாகக் களம் விரிந்தது, ஆட்டம் வேகமெடுத்தது, கிளீவ்லேண்டின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸைத் தடுக்க ஒரு சரியான ஆள் தொடக்கத்திலிருந்தே கிடைத்தார். அடுத்த ஆட்டத்தில் கிளீவ்லேண்ட் தானும் சிறிய குழுவுக்கு மாறி, மோஸ்கோவை ஒன்பது நிமிடங்கள் மட்டுமே ஆடவைத்து, மீண்டும் தோற்றது. 28 புள்ளிகள் எடுத்தவரை ஏன் உட்காரவைத்தார்கள் என்று கிளீவ்லேண்ட் ரசிகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. ஆயினும் ஒருவர் எடுத்த புள்ளிகளை மட்டும் எண்ணி, அவர் களத்தில் இருந்தபோது எதிரணி எவ்வளவு எடுத்தது என்பதை எண்ணாமல் விடுவது ரசிகர்களின் பழைய பழக்கம். தொடரை வாரியர்ஸ் 4-2 என்று வென்றது. தொடரின் சிறந்த வீரர் விருது இக்வொடாலாவுக்குப் போயிற்று.

கணக்கு வழக்கைப் பற்றியும் இங்கே பேச வேண்டும், ஏனெனில் இப்போதைய விவாதங்களில் பாதி கணக்குத்தான். இரண்டு புள்ளி எறிவில் பாதி விழுந்தால் ஓர் எறிவுக்குச் சராசரி ஒரு புள்ளி. மூன்று புள்ளி எறிவில் நூற்றுக்கு 36 விழுந்தாலே 1.08 புள்ளி. இந்த எளிய பெருக்கல்தான் 1979-இல் என்.பி.ஏ.வுக்குள் வந்த மூன்று புள்ளிக் கோட்டை இன்றைய ஆட்டத்தின் மையமாக்கியது. ஆனால் சராசரி என்பது நூற்றுக்கணக்கான எறிவுகளில் வெளிப்படும் உண்மை. ஓர் இரவின் நாற்பது எறிவுகளுக்கு அது உத்தரவாதம் தராது. 2018-இல் மேற்குப் பிரிவு இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் 44 மூன்று புள்ளி எறிவுகளில் ஏழை மட்டுமே கூடையில் இட்டது. இடையில் தொடர்ந்து 27 எறிவுகள் தவறின. பாதி ஆட்டத்தில் 11 புள்ளிகள் முன்னிலையில் இருந்த அணி 101-92 என்று வாரியர்ஸிடம் தோற்றது. உள்ளே புகுந்து ஆடியிருக்க வேண்டும் என்று அன்றிரவு சொன்னவர்களில் எத்தனை பேர் அதை முந்தைய நாள் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்தப் பருவம் முழுவதும் வெற்றி தேடித்தந்த முறையையே அவர்கள் ஆடினார்கள். முக்கிய வீரர் கிறிஸ் பால் காயத்தால் வெளியே இருந்தார். தோல்வி நேர்ந்துவிட்டது என்பதாலேயே திட்டம் தவறாகிவிடாது.

ஃபவுலுக்கு (விதிமீறலுக்கு) ஈடாக யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிவுதான் ஃப்ரீ த்ரோ; அது சரியாக எறிய வராதவரை வேண்டுமென்றே ஃபவுல் செய்வது இன்னொரு பழைய வாதம். முன்னாள் நட்சத்திர சென்டர் ஷகீல் ஓ'நீலின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ விகிதம் 52.7 விழுக்காடு. இரண்டு எறிவுக்குச் சராசரி 1.05 புள்ளி என்றால், அது ஓரளவு நல்ல தாக்குதலுக்கு ஈடுதான். கூச்சலிடுகிறவர்கள் நினைக்கும் அளவுக்கு அதில் இலாபம் இல்லை. நம் வீரர்களின் ஃபவுல் கணக்கும் ஏறும்.

எல்லா வாதங்களிலும் எனக்குச் சுவையானது, மூன்று புள்ளி முன்னிலையில் இருக்கும்போது கடைசி வினாடிகளில் என்ன செய்வது என்பதுதான். 2013 இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில் மயாமி ஹீட் அணிக்கு எதிராக சான் அன்டோனியோ 95-92 என்று முன்னிலையில் இருந்தது. அந்த ஆட்டத்தை வென்றிருந்தால் கோப்பை அவர்களுடையது. பயிற்சியாளர் கிரெக் போபோவிச், உயரமான டிம் டங்கனை வெளியே எடுத்து, மூன்று புள்ளிக் கோட்டில் ஆளை மாற்றி மாற்றித் தடுக்கக்கூடிய டியாவை உள்ளே விட்டார். ஃபவுல் செய்யவும் இல்லை. அப்போது மயாமிக்கு ஆடிய லெப்ரான் எறிந்தது தவறியது, தவறித் திரும்பிய பந்தை, அதாவது ரீபவுண்டை, அவருடைய தோழர் கிறிஸ் பாஷ் பிடித்தார், மூலைக்குப் பின்நோக்கி நகர்ந்துகொண்டிருந்த ரே ஆலனிடம் பந்து போனது, 5.2 வினாடிகள் மீதமிருக்கையில் ஆட்டம் சமன். கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது, பிறகு ஏழாவது ஆட்டத்தையும் வென்றது.

போபோவிச் முதல் எறிவைத் தடுக்க ரீபவுண்டை விலையாக வைத்தார். எதிர்த்து வாதாடுவோர், ஃபவுல் செய்திருந்தால் இரண்டு ஃப்ரீ த்ரோவோடு முடிந்திருக்கும் என்பார்கள். அதற்கும் விலை உண்டு: எறியும் கணத்தில் கை பட்டுவிட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ, இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டு ரீபவுண்டுக்குப் பாய்வதும் நடக்கும். என்னைக் கேட்டால், ஐந்தாறு வினாடிகள் மட்டும் இருந்தால் ஃபவுல் செய்வதே மேல். அதைவிட அதிக நேரம் இருந்தால் தடுத்தாடலாம், ஆனால் டங்கனைப் போன்ற ரீபவுண்ட்காரரை வெளியே உட்காரவைத்துவிட்டு அல்ல.

நடுவர்களின் பாரபட்சம், சொந்த மைதானத்தின் ஆரவாரம், யாருக்கு வெற்றி வெறி அதிகம் என்ற ஆராய்ச்சி ஆகியவற்றை நான் கடந்துபோகிறேன். அவை விவாதத்தைச் சூடாக்கும். எதையும் தீர்மானிக்க உதவா.

விட்டுக்கொடுத்த எறிவு விழுந்துவிட்டால் திட்டத்தைக் கைவிட வேண்டுமா என்ற கேள்வி மிஞ்சுகிறது. 2019 இறுதிச் சுற்றின் இரண்டாவது ஆட்டத்தில் டொரான்டோ ராப்டர்ஸ் பயிற்சியாளர் நிக் நர்ஸ், பள்ளிக்கூட அணிகளிடம் மட்டுமே காணக்கூடியதாகக் கருதப்பட்ட ஒரு முறையைக் கையில் எடுத்தார்: நான்கு பேர் சதுரமாக நின்று பகுதி காக்க, ஒருவர் மட்டும் வாரியர்ஸின் நட்சத்திர எறிவாளர் ஸ்டெஃபன் கரியை நிழல்போல ஒட்டித் தொடர்ந்தார். வாரியர்ஸ் ஐந்து நிமிடங்களுக்கும் மேலாக ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் திணறியது. கடைசியில் டொரான்டோ தனியே விட்டிருந்த அதே இக்வொடாலா மூன்று புள்ளி எறிவை இட்டு, வாரியர்ஸ் 109-104 என்று வெல்ல ஆட்டத்தை முடித்தார். அந்த எறிவை எறிய வேண்டியவர் கரி அல்லர், இக்வொடாலா என்று ஆக்கியதே நர்ஸின் வெற்றி என்பேன். டொரான்டோ தொடரை 4-2 என்று வென்றது.

எனவே நாளை ஆட்டம் தொடங்கும்போது, பந்தைத் தொடர்ந்து ஓடும் கண்ணை முதல் ஆறு நிமிடங்களுக்கு மட்டும் சற்று விலக்கிப் பாருங்கள். பிக் அண்ட் ரோல் வரும்போது உயரமான தடுப்பாட்டக்காரரின் கால்கள் எங்கே நிற்கின்றன? யாருக்கு எதிரே நிற்பவர் அவரைப் பாதி மறந்துவிட்டு வளையத்தின் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்? அப்படி மறக்கப்பட்டவர்தான் எதிரணி எறியச் சம்மதித்த ஆள். அவருடைய முதல் இரண்டு எறிவுகள் விழுந்த பிறகும் அவர்மேல் காவல் நெருங்கவில்லையென்றால், பயிற்சியாளர் தன் கணக்கை நம்புகிறார் என்று பொருள். நெருங்கிவிட்டால், வேறெங்கோ ஓரிடம் திறந்திருக்கிறது, அதைத் தேடத் தொடங்குங்கள்.

வணக்கம்.