ஒப்பந்தத்தின் துணைவிதிகள்

அவையோருக்கு வணக்கம்.

பேராசிரியர் சங்கமும் பல்கலைக்கழக நிர்வாகமும் ஒப்பந்தம் செய்துகொண்டன என்ற செய்தியைப் படித்ததும் நாம் முதலில் தேடுவது ஊதிய உயர்வு எத்தனை சதவீதம் என்பதைத்தான். அந்த ஓர் எண்ணைக் கொண்டு ஒப்பந்தத்தை எடைபோட முடியாது என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு சான்றுகளைக் காட்ட விரும்புகிறேன்.

அங்கே சங்கமாகச் சேர்ந்து நிர்வாகத்துடன் பேரம் பேசும் உரிமையே எல்லாப் பேராசிரியர்களுக்கும் இல்லை. யெஷிவா பல்கலைக்கழக வழக்கில் 1980ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அந்தத் தனியார் பல்கலைக்கழகத்தின் முழுநேர ஆசிரியர்களை 'நிர்வாகத்தினர்' எனக் கருதி, சட்டப்படியான கூட்டுப்பேர உரிமையை மறுத்தது. தம்மை நிர்வாகத்தினர் என்று அழைத்ததில் எத்தனை ஆசிரியர்கள் மகிழ்ந்திருப்பார்களோ!

நியூ ஜெர்சி மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், அதன் 257 ஆண்டு வரலாற்றிலேயே முதன்முறையாக, 2023 ஏப்ரலில் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிரந்தரப் பேராசிரியர், பகுதிநேர விரிவுரையாளர், மருத்துவத் துறை ஆசிரியர் என மூன்று தரப்பினரின் சங்கங்களும் ஒன்றாக வெளியேறியதும், ஒரே வேலைக்கு ஒரே ஊதியம் என்ற பகுதிநேரத்தாரின் கோரிக்கையைப் பணிப்பாதுகாப்பு உள்ள பேராசிரியர்களும் தம்முடையதாக ஏற்றதுமே அப்போராட்டத்தின் சிறப்பு. மாநில ஆளுநர் சங்கங்களையும் நிர்வாகத்தையும் அழைத்துப் பேசவைக்க, ஐந்து நாள்களில் உடன்பாட்டுக்கு வழி பிறந்தது.

கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கதை வேறு. அங்கே சங்கம் 12 சதவீதம் கேட்டது. 2024 ஜனவரியில் நிர்வாகம் பேச்சை முறித்துக்கொண்டு 5 சதவீதத்தைத் தானாகவே அறிவித்தது. இதை எதிர்த்து 23 வளாகங்களிலும் தொடங்கிய ஐந்து நாள் வேலைநிறுத்தம் முதல் நாள் மாலையிலேயே உடன்பாட்டுடன் முடிந்தது. 2023 ஜூலை முதல் முன்தேதியிட்டு 5 சதவீதம், 2024 ஜூலையில் மேலும் 5 சதவீதம் என்று முடிவானது. குறைந்த ஊதியப் படிநிலையில் இருந்தோருக்குக் கூடுதல் உயர்வும், பிள்ளைப்பேற்று விடுப்பு ஆறு வாரத்திலிருந்து பத்து வாரமாக நீண்டதும் உண்மையான ஆதாயங்கள்தாம். ஆனால் இரண்டாவது 5 சதவீதத்தோடு ஒரு நிபந்தனை ஒட்டியிருந்தது: மாநில அரசு பல்கலைக்கழகத்துக்கான அடிப்படை நிதியைக் குறைக்காவிட்டால் மட்டுமே அது கிடைக்கும். வரவுசெலவுத் திட்டத்தின் நிச்சயமின்மையை நிர்வாகம் தன் தோளிலிருந்து இறக்கி ஆசிரியர் தோளில் வைத்த இடம் அதுதான். ஒப்புதல் வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எதிர்த்து வாக்களித்தனர். அவர்களில் பலர் அந்தத் துணைவிதியைப் படித்தவர்கள் என்பது என் கணிப்பு.