கிளேர்மான்ட்டைக் காத்தது வாரிசு இல்லை, வேலை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இரவுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

'இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளை இன்றுவரை நிற்கவைத்திருப்பது வாரிசுகளின் பற்றா, மாறிக்கொண்டே வந்த பயன்பாடா?' இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் வாரிசுகளின் பற்றுக்கு மாலை மேல் மாலையாகப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரே குடும்பத்தின் கையில் இன்றும் இருக்கும் மாளிகைகள் என்று சாட்ஸ்வொர்த்தைச் சொன்னார், காசில் ஹவர்டைச் சொன்னார். நன்றாகவே பேசினார், எனக்கே ஒரு நிமிடம் அந்த அணிக்குத் தாவிவிடலாமா என்று தோன்றியது. அந்த இரண்டுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், அவர் பெயரைக்கூடச் சொல்லாமல் விட்ட ஒரு வீட்டைப் பற்றிப் பேச வேண்டும்.

லண்டனுக்குத் தென்மேற்கே சரே மாவட்டத்தில் ஈஷர் என்று ஓர் ஊர். அங்கே கிளேர்மான்ட் மாளிகை. அதைக் கட்டியவர் யார் தெரியுமா? ராபர்ட் கிளைவ். ஆமாம், நம்ம பாடப்புத்தகத்துக் கிளைவ்தான். 1744இல் சென்னைக் கோட்டையில் கம்பெனி எழுத்தராக வந்து இறங்கியவர், 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் தாக்குப்பிடித்துப் பேர் வாங்கியவர், 1753இல் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி தேவாலயத்தில் கல்யாணம் செய்துகொண்டவர். பேர் வாங்கியது இங்கே, பணம் பார்த்தது வங்காளத்தில். அந்தப் பணத்தோடு ஊர் திரும்பி, நியூகாசில் கோமகனின் விதவையிடமிருந்து இந்த எஸ்டேட்டை வாங்கினார்.

வாங்கியதும் செய்த முதல் வேலை என்ன? அங்கே ஏற்கெனவே ஒரு மாளிகை இருந்தது. வான்ப்ரூ என்ற பெரிய கட்டடக் கலைஞர் தனக்கென்று கட்டி, பிறகு கோமகன் விரிவாக்கியது. தாழ்வான இடம், ஈரம் என்று சொல்லிக் கிளைவ் அதை இடித்துத் தள்ளிவிட்டார். எதிரணி நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கதையில் முதல் கடப்பாரையைத் தூக்கியவர் சொந்தக்காரர்தான். பிறகு தோட்டக்கலையில் பேர்போன கேப்பபிலிட்டி பிரவுனையும் கட்டடக் கலைஞர் ஹென்றி ஹாலண்டையும் வைத்து மேட்டின் மேல் புது மாளிகை எழுப்பினார். அந்த ஊர்க் குடியானவர்கள் அதைப் பார்த்து மிரண்டுபோய், 'பிசாசு வந்து தூக்கிக்கொண்டு போய்விடக்கூடாதென்றுதான் சுவரை இவ்வளவு தடிமனாக வைக்கிறான் இந்தப் பாவி' என்று கிசுகிசுத்தார்கள் என மெக்காலே எழுதிவைத்திருக்கிறார். கிளைவ் அங்கே நிம்மதியாக வாழ்ந்ததும் இல்லை. 1774 நவம்பரில் லண்டன் வீட்டில் இறந்துபோனார். அவருடைய வாரிசுகள் கிளேர்மான்ட்டை விட்டார்களா, வைத்துக்கொண்டார்களா? விற்றுவிட்டார்கள். அப்புறம் அது கைமாறிக் கைமாறிப் போனது.

1816இல் அரசாங்கம் அதை வாங்கியது. பட்டத்துக்கு வரவேண்டிய இளவரசி சார்லட்டுக்கும் ஜெர்மனியிலிருந்து வந்த மாப்பிள்ளை லியோபோல்டுக்கும் குடித்தனம் வைக்க. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்தப் பெண் அந்த வீட்டிலேயே பிரசவத்தில் இறந்துபோனாள். குழந்தையும் பிறக்கும்போதே இறந்திருந்தது. பட்டத்துக்கு அடுத்த தலைமுறையில் ஆளே இல்லை என்ற நிலை வந்து, ராஜா வீட்டுப் பிள்ளைகள் அவசர அவசரமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்டார்கள். அப்படி 1819இல் பிறந்தவர்தான் விக்டோரியா. லியோபோல்டு 1831இல் பெல்ஜியத்துக்கு ராஜாவாகப் போய்விட்டார், கிளேர்மான்ட்டை மட்டும் விடவில்லை. இதைத்தானே பற்று என்கிறோம் என்று எதிரணி கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கடல் கடந்து போய்விட்ட ஒருவரின் பற்று வீட்டில் விளக்கேற்றுமா?

விளக்கேற்றியது ஓர் அகதிக் குடும்பம். 1848 புரட்சியில் பிரான்சின் ராஜா லூயி பிலிப், 'மிஸ்டர் ஸ்மித்' என்று பேரை மாற்றிக்கொண்டு கப்பலேறி வந்தார். ராஜா வேஷம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறோம், ராஜாவே ஸ்மித் வேஷம் போட்டது இங்கேதான். அவர் லியோபோல்டுக்கு மாமனார் முறை. லியோபோல்டு இரண்டாவதாகக் கட்டியது அவர் மகளை. மருமகன் வீடு காலியாக இருந்தது, வந்து தங்கினார். ஈயம் கலந்த தண்ணீரைக் குடித்து அந்தக் குடும்பத்தில் பலர் நோயில் விழுந்தார்கள். ராஜா 1850இல் அங்கேயே கண்ணை மூடினார், ராணி 1866 வரை இருந்தார். நாடிழந்த ஒரு குடும்பம் ஒதுங்க இடம் தேடியதால்தான் இத்தனை வருடம் அந்த வீட்டில் ஆள் நடமாட்டம் இருந்தது.

இப்போது வாரிசு விஷயத்துக்கே வருகிறேன், நடுவர் அவர்களே. எதிரணிக்குப் பிடித்த விஷயம். விக்டோரியாவின் மகன், ஆல்பனி கோமகன், கிளேர்மான்ட்டில் குடியேறினார். அவருடைய மகன் சார்லஸ் எட்வர்ட் 1884இல் அந்த வீட்டிலேயே பிறந்தான். பிறந்த வீடு, சொந்த வீடு, ராஜ ரத்தம். இதைவிட அசல் வாரிசு வேண்டுமா? பையன் பதின்பருவத்தில் ஜெர்மனிக்குப் போய்க் கோபர்க் பிரபுவானான். முதல் உலகப்போரில் ஜெர்மனி பக்கம் நின்றான். 1919இல் இங்கிலாந்து அவனுடைய பட்டங்களைப் பறித்தது. 1922இல் அவன் தாய் இறந்தபோது வீடு அவனுக்கு வந்திருக்க வேண்டும். எதிரி நாட்டான் சொத்து என்று அரசாங்கமே எடுத்துக்கொண்டது. வாரிசு இருந்ததனாலேயே ஒரு வீடு வாரிசை இழந்த கதை இது.

அதன்பின் ஒரு கப்பல் முதலாளி வாங்கினார். அவரும் 1926இல் போய்விட்டார். 1930இல் மாளிகை காலி. இடிக்கப்போகிறார்கள் என்று பேச்சு.

ஏன் இடிக்க வேண்டும்? கொஞ்சம் பொருளாதாரம் பேசுகிறேன், தூங்கிவிடாதீர்கள். இந்த மாளிகைகள் நின்றது சுற்றியிருந்த நிலத்தின் குத்தகைப் பணத்தில். 1870களுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக வந்து இறங்கியது, குத்தகை சரிந்தது. 1894இல் நிதியமைச்சர் ஹார்கோர்ட் கொண்டுவந்த வாரிசு வரி சேர்ந்துகொண்டது. முதலில் அதிகபட்சம் 8 சதவீதம், 1949க்குள் பெரிய சொத்துக்கு 80 சதவீதம். அப்பா செத்தால் பிள்ளை அழுவது துக்கத்திலா, வரியை நினைத்தா என்று தெரியாத காலம். 20ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுப்புற மாளிகைகள் இடிபட்டன. 1974இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் அந்த அழிவுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தது. அந்த ஆயிரம் வீட்டுக்கும் வாரிசுகள் இல்லாமலா போனார்கள்? இருந்தார்கள். பற்றும் இருந்திருக்கும்.

சரி, கிளேர்மான்ட் ஏன் அந்தக் கணக்கில் சேரவில்லை? லண்டனிலிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்கு இடம் போதவில்லை. அந்த நிர்வாகம் மாளிகையை வாங்கி 1931இல் குடிவந்தது. கதை அவ்வளவுதான். கிளைவின் அறைகளில் கரும்பலகை வந்தது. இரண்டாம் உலகப்போரில் பிள்ளைகளை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டு, ஹாக்கர் விமானக் கம்பெனியின் வரைபடப் பிரிவு அங்கே வந்து உட்கார்ந்தது. அதன் தலைமை வடிவமைப்பாளர் சிட்னி காமின் ஆட்கள் போர் விமானங்களுக்குக் கோடு போட்டார்கள். போர் முடிந்ததும் பள்ளி திரும்பி வந்தது. இன்றும் அங்கே பள்ளிதான். பழைய தோட்டத்தின் ஒரு பகுதியை 1949இல் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை எடுத்துக்கொண்டது. பிரிட்ஜ்மேன் என்ற தோட்டக் கலைஞர் புல்லிலேயே படிப்படியாகச் செதுக்கிய அரைவட்ட அரங்கு ஒன்று அங்கே இருக்கிறது. பிரபுக்கள் காலத்திலேயே மரம் முளைத்துப் புதர் மூடிப் போனது அது. 1975க்குப் பிறகு டிரஸ்ட்தான் வெட்டித் துலக்கியது. இப்போது ஞாயிற்றுக்கிழமையில் யார் வீட்டுக் குழந்தை வேண்டுமானாலும் அதில் உருண்டு விளையாடலாம்.

இப்போது சாட்ஸ்வொர்த். டெவன்ஷர் கோமகன் குடும்பம் இன்னும் அங்கே வாழ்கிறது, உண்மை. எப்படி வாழ்கிறது? பத்தாம் கோமகன் வரி தப்பிக்கச் சொத்தை முன்கூட்டியே எழுதிவைத்தார். ஐந்து ஆண்டு உயிரோடு இருந்தால் வரி இல்லை. சில மாதம் பாக்கி இருக்கும்போது, 1950 நவம்பரில் இறந்துவிட்டார். விதித்தது 80 சதவீதம். அதைக் கட்டுவதற்கு ஹார்ட்விக் ஹால் என்ற இன்னொரு மூதாதை வீட்டையே கொடுத்தார்கள். ரெம்பிராண்ட் போச்சு, ஹோல்பைன் போச்சு. ஒரு வீட்டின் மேல் வைத்த பற்று இன்னொரு வீட்டை விழுங்கியது. 1981இல் சாட்ஸ்வொர்த்தை ஓர் அறக்கட்டளையிடம் கொடுத்துவிட்டு, தாங்கள் வாழும் பகுதிக்கு அந்தக் குடும்பமே வாடகை கட்டுகிறது. டிக்கெட் வாங்கி வரிசையில் நிற்கும் ஜனங்கள்தான் கூரையைப் பழுதுபார்க்கிறார்கள். இதற்கு முன்னாலும் ஒன்று நடந்தது. 1939இல் போர் வந்ததும் எப்படியும் யாராவது வந்து வீட்டைக் கேட்பார்கள் என்று தெரிந்து, பட்டாளத்தைவிடப் பள்ளிப் பெண்கள் குறைவாகத்தான் உடைப்பார்கள் என்று கணக்குப் போட்டு, வேல்ஸிலிருந்து ஒரு பெண்கள் பள்ளியைக் கோமகன் கொண்டுவந்து குடிவைத்தார். அலங்கார அறைகளில் வரிசையாகக் கட்டில். பற்றுள்ளவரே பயன்பாட்டை மாற்றித்தான் வீட்டைக் காத்தார். எதிரணியின் முதல் சாட்சி எங்கள் பக்கம் வந்துவிட்டார் ஐயா.

காசில் ஹவர்டில் எதிரணி சொன்னதில் ஒரு பாதி எனக்கு வலிக்கிறது. 1940 நவம்பரில் அங்கே பள்ளி நடந்துகொண்டிருந்தபோதுதான் தீப்பிடித்துக் குவிமாடம் விழுந்தது. மாறிய பயன்பாடு வீட்டை எரித்தது என்று அவர் சொன்னார். மறுக்க மாட்டேன். அந்த வீட்டு வாரிசு ஜார்ஜ் ஹவர்ட் போரிலிருந்து திரும்பி, விற்றுவிடலாம் என்று நினைத்திருந்த அறங்காவலர்களை மீறிக் குடியேறினார் என்பதும் உண்மை. அந்த மனிதருக்கு நானும் கைதட்டுகிறேன். ஆனால் குடியேறியவர் கதவைச் சாத்திக்கொண்டு குவிமாடத்தை நினைத்து ஏங்கிக்கொண்டா இருந்தார்? 1952இல் பொதுமக்களுக்குக் கதவைத் திறந்தார். 1960களின் தொடக்கத்தில் குவிமாடம் மறுபடி எழுந்தது. பின்னாளில் ஒரு தொலைக்காட்சித் தொடர் படப்பிடிப்புக்கு வந்தது, அந்தக் காசு தோட்டத்துப் பக்க மண்டபத்தைப் புதுப்பித்தது. தன் வீட்டைக் காட்சிக்கூடமாகவும் படப்பிடிப்புத் தளமாகவும் மாற்றத் துணிந்தவர் அவர். அவரை எந்த அணியில் உட்காரவைப்பது என்பதை நடுவரே சொல்லட்டும்.

மணியில் கை வைத்துவிட்டீர்கள், தெரிகிறது. ஒன்றே ஒன்று. பிளெட்ச்லி பார்க். கட்டடக்கலை தெரிந்தவர்கள் அவலட்சணம் என்று முகம் சுளித்த வீடு. லியோன் என்ற பங்குத்தரகர் குடும்பம் இருந்தது, 1937இல் லியோனின் மனைவியும் போனபின் எஸ்டேட் விற்பனைக்கு வந்தது. மனை பிரிக்கக் கட்டட ஒப்பந்தக்காரர் வந்துவிட்டார். 1938இல் உளவுத்துறைத் தலைவர் அட்மிரல் சின்க்ளேர், அரசாங்கம் பணமில்லை என்று கைவிரிக்க, சொந்தக் காசில் அதை வாங்கினார். போரின்போது கணித மேதை டூரிங் முதலானோர் ஜெர்மன் சங்கேதங்களை உடைத்தது அங்கே. வேலை பார்த்தவர்களில் நான்கில் மூவர் பெண்கள். பிறகு பயிற்சிக் கல்லூரி, தபால் துறை என்று போய், 1991இல் மறுபடியும் இடிக்க நாள் பார்த்தார்கள். அப்போது ஓடி வந்து தடுத்தது வாரிசா? லியோன் வீட்டார் ஒருவரும் இல்லை. அங்கே வேலை நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக ஊர்க்காரர்களும் வரலாற்று ஆர்வலர்களும் அறக்கட்டளை அமைத்துத் தடுத்தார்கள். இன்று அது அருங்காட்சியகம், 2023 நவம்பரில் செயற்கை நுண்ணறிவு பற்றி உலக நாடுகள் கூடிப் பேசியதும் அங்கேதான்.

அடுத்து எதிரணியில் பேச வரும் அம்மையாருக்கு ஒரு கேள்வியை விட்டுவிட்டு உட்காருகிறேன். 1930இல் கிளேர்மான்ட் காலியாக நின்றது. கிளைவுக்கு வாரிசு உண்டு. விக்டோரியாவுக்குப் பேரன் பேத்திகள் அரண்மனை அரண்மனையாக உண்டு. அந்த வீட்டிலேயே பிறந்த சார்லஸ் எட்வர்ட் ஜெர்மனியில் உயிரோடு இருந்தார். இத்தனை பேரில் ஒருவராவது அதை மீட்க வந்தாரா? வந்தார் என்றால் பெயரைச் சொல்லுங்கள், அம்மா. நன்றி, வணக்கம்.