கிரீட் தீவில் கடற்கரை தேடும் முன் காற்றைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறைக்குக் கிரேக்கத்தின் கிரீட் தீவு என்று முடிவானதும், வீட்டில் எல்லாரும் கைபேசியில் படம் பார்த்துக் கடற்கரைகளுக்குப் பட்டியல் போட ஆரம்பித்துவிடுவார்கள். முதல் மூன்று பெயர்கள் பெரும்பாலும் எலஃபோனிசி, பாலோஸ், வாய் என்றுதான் இருக்கும். மூன்றும் அழகான இடங்கள். ஆனால் அந்தப் படங்களில் பெரும்பாலானவை காற்று ஓய்ந்த நேரத்தில் எடுத்தவை. அதே பாலோஸில், காற்று வீசும் ஆகஸ்ட் மதியம் ஒன்றில் போய் நின்றால், மணல் முழங்காலில் ஊசி ஊசியாய்க் குத்தும். குடை நிற்காது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. கடற்கரை மேல் குற்றமில்லை, போன நாள் சரியில்லை.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரீட்டில் தங்கும் ஊரை மாதக்கணக்கில் முன்கூட்டியே முடிவு செய்யலாம். எந்தக் கடற்கரைக்குப் போவது என்பதை முந்தின நாள் இரவு, காற்றைப் பார்த்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தீவின் உருவம் மனதில் பதியட்டும். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளம். தெற்கு வடக்காக அகலம் சில இடங்களில் 12 கிலோமீட்டர்தான், அதிகபட்சம் 60. முதுகெலும்பு போல நடுவில் மலைத்தொடர். மேற்கே வெள்ளை மலைகள், நடுவே ப்சிலோரிதிஸ், கிழக்கே திக்தி. முதல் இரண்டும் 2,400 மீட்டருக்கு மேல் உயர்ந்தவை. வேகமான நெடுஞ்சாலை வடக்குக் கரையோரம் மட்டும்தான் ஓடுகிறது. தெற்கே போக வேண்டுமானால் மலை ஏறி இறங்க வேண்டும். வரைபடத்தில் 40 கிலோமீட்டர் என்று தெரிவது வளைவுச் சாலையில் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான். வடக்குக் கரையின் நடுவே இருக்கும் ஹெராக்லியோனில் அறை எடுத்துக்கொண்டு, மேற்குக் கோடியில் இருக்கும் எலஃபோனிசிக்கு ஒரே நாளில் போய்வரத் திட்டம் போடுவார்கள். போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்ப அதே அளவு. மேற்குக் கோடியிலும் கிழக்குக் கோடியிலும் உள்ள கடற்கரைகளை ஒரே ஊரிலிருந்து பார்க்க நினைத்தால், விடுமுறை காருக்குள்ளேயே கழியும். ஒரு வாரம்தான் என்றால் மேற்கு அல்லது கிழக்கு, ஏதாவது ஒன்று போதும். மேற்குக்கு ஹானியா விமான நிலையம், நடுப்பகுதிக்கும் கிழக்குக்கும் ஹெராக்லியோன். இரண்டு வாரம் என்றால் இரண்டு ஊர்களில் தங்குங்கள், வடக்குக் கரையில் ஒன்று, தெற்கில் ஒன்று. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களுக்கு ஒரு கரை மிஞ்சும்.

இனி அந்தக் காற்று. அதற்குப் பெயர் மெல்தெமி. பழைய கிரேக்கர்கள் எதேசியக் காற்று என்றார்கள், ஆண்டுதோறும் தவறாமல் வருவது என்று பொருள். வடக்கிலிருந்து வருவதால் நம் கணக்கில் அது வாடைதான். நமக்கு வாடை குளிர்காலத்தோடு சேர்ந்தது, அவர்களுக்கோ அது நடுக்கோடையில் வரும். பால்கன் பக்கம் காற்றழுத்தம் உயர்ந்திருக்க, வெயிலில் காய்ந்த துருக்கி நிலப்பரப்பின் மேல் அழுத்தம் தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடல் வழியாகக் காற்று தெற்கே இறங்கிவரும். ஜூலையும் ஆகஸ்டும் அதன் உச்சம். காலையில் மெதுவாகத் தொடங்கி, வெயில் ஏற ஏற வலுத்து, பிற்பகலில் முழு வேகம் எடுத்து, சாயங்காலம் தணிவது வழக்கம். ஆனால் பலமாகப் பிடித்துக்கொண்டால் இரவிலும் ஓயாமல் நாலைந்து நாள் வீசுவதும் உண்டு.

கிரேக்கர்கள் காற்றின் வேகத்தைப் பியூஃபோர்ட் என்னும் அளவுகோலின் எண்ணில்தான் சொல்வார்கள். உணவகத்தில் பரிமாறுபவர்கூட 'நாளைக்கு ஆறு' என்பார். 4 வரைக்கும், அதாவது மணிக்கு 28 கிலோமீட்டர் வரைக்கும், கவலை வேண்டாம். 5 என்றால் காற்று மறைவான கரையைத் தேடுங்கள். 6 என்றால் மணிக்கு 39 முதல் 49 கிலோமீட்டர். அன்றைக்குப் பாலோஸ் போன்ற மேற்கு முனைகளை மறந்துவிடலாம், படகுகளும் ஓடாமல் போகலாம். வானிலைச் செயலியில் ஒரு குழப்பம் வரும். வடகாற்று என்றால் வடக்கிலிருந்து வருவது. படத்தில் உள்ள அம்புக்குறியோ பெரும்பாலும் காற்று போகும் திசையைக் காட்டும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நேராகக் காற்றின் வாய்க்கே போய் நிற்பவர்கள் உண்டு. வேகத்தைப் பார்க்கும்போது சராசரியோடு வீச்சு வேகத்தையும் பாருங்கள். குடையைப் பிடுங்கி எறிவது அந்த வீச்சுதான்.

வடகாற்று வீசினால் தெற்குக் கரை அமைதியாக இருக்கும் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். பாதிதான் சரி. தெற்குக் கரையில் அலை இருக்காது என்பது உண்மை. ஆனால் மலை மேல் ஏறிய காற்று, மறுபுறம் பள்ளத்தாக்குகள் வழியே குறுகிப் பாயும்போது வேகம் கூடி அடிக்கும். ப்ளாகியாஸ் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலை இடுக்குகள் அப்படிப்பட்டவை. வடக்கே சுமாரான காற்று வீசும் நாளில் ப்ளாகியாஸ் மணலில் உட்கார முடியாமல் போகும். ஃப்ராங்கோகாஸ்தெல்லோவும் அப்படித்தான். இடுப்பளவுத் தண்ணீர் வெகுதூரம் போவதால் குழந்தைகளுக்கு அருமையான இடம், காற்றில்லாத நாளாக இருந்தால்.

இதில் உயிர் சம்பந்தமான ஒரு விஷயம் இருக்கிறது. தெற்குக் கரையில் வடகாற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசும். தண்ணீர் அசையாமல், கண்ணாடி மாதிரி இருக்கும். பார்ப்பவர்களுக்குப் பயமே வராது. காற்றடைத்த மெத்தையில் படுத்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் கைக்கு எட்டாத தூரம் போய்விடும். அப்புறம் லிபியா வரைக்கும் கடல்தான். அப்படிப்பட்ட நாளில் மெத்தை, வளையம், காற்றுப் படகு எதையும் பையிலிருந்து எடுக்கவே கூடாது. நீந்துகிறவர்களும் கரைக்கு இணையாகவே நீந்த வேண்டும். கடலோரக் காவல்படைக்கு 108, பொது அவசர எண் 112. அங்கே 108 ஆம்புலன்ஸ் இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

தெற்கில் உண்மையான மறைவு வேண்டுமானால் உயர்ந்த பாறைச் சுவருக்கு அடியில் ஒட்டிக்கிடக்கும் கரைகளைப் பாருங்கள். லூத்ரோ அப்படி ஒரு சின்னக் கிராமம். கார் போகாது, ஹோரா ஸ்ஃபாகியோனிலிருந்து படகு. தென்மேற்கு மூலையில் இருக்கும் பாலியோஹோராவைத் தங்குவதற்கே பரிந்துரைப்பேன். அந்த ஊர் ஒரு நிலமூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே பாகியா அம்மோஸ், நல்ல மணல். கிழக்கே ஹாலிகியா, கூழாங்கல். மணல் பக்கம் காற்று அடித்தால், தெருவைக் குறுக்கே கடந்து ஐந்து நிமிடத்தில் கல் பக்கம் போய்விடலாம். அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும்.

வடக்குக் கரைக்கு வருவோம். ரெதிம்னோ, யோர்யூபோலி பக்கம் கிலோமீட்டர் கணக்கில் நீளும் மணற்கரைகள். காற்றில்லாத நாளில் இதைவிடச் சுலபமான கடற்கரை கிடையாது. மெல்தெமி வீசினால் அலை நேராக வந்து மோதும். கரையில் குவிந்த தண்ணீர் திரும்பிப் போக ஒடுக்கமான வழி தேடும். கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் உண்டாவது அப்படித்தான். வரிசையாக உடையும் வெள்ளை அலைகளுக்கு நடுவே ஓரிடத்தில் மட்டும் அலை உடையாமல், நிறம் சற்றுக் கருத்து அமைதியாகத் தெரியும். அங்கே இறங்குவது பாதுகாப்பு என்று தோன்றும். ஆபத்தே அங்கேதான். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாதீர்கள். மிதந்தபடி கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்டதும் கரை ஏறுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வேண்டாம். காற்று நின்ற மறுநாளும் அலை மிச்சமிருக்கும்.

காற்று நாளில் வடக்கிலேயே இருக்க வேண்டியிருந்தால், ஹெராக்லியோனுக்கு மேற்கே ஆகியா பெலாகியா, ஹானியா அருகே மராத்தி, ஸ்தாவ்ரோஸின் வட்டமான குடா மூன்றும் கைகொடுக்கும். நிலம் வளைந்து அலையைத் தடுக்கும் இடங்கள் இவை. மற்ற நாளில் இவற்றுக்காக மெனக்கெட வேண்டாம்.

பேர் பெற்ற இரண்டுக்கும் வருகிறேன். பாலோஸுக்கு வழி இரண்டு. கிஸ்ஸமோஸ் துறையிலிருந்து கப்பல், அல்லது கலிவியானி ஊர் தாண்டி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் மண்சாலை. மண்சாலையில் டயர், அடித்தட்டு சேதத்துக்கு வாடகைக் கார் காப்பீடு பெரும்பாலும் பொருந்தாது. ஒப்பந்தத்தில் அந்த வரியைப் படித்துவிட்டு ஓட்டுங்கள். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து கீழே இறங்க அரை மணி நேரம். திரும்பி ஏறும்போது நிழலே இல்லாத படிகள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறையக் கூடாது. கப்பல் கூட்டம் நண்பகலில் மொத்தமாக வந்து இறங்கும். காரில் போவதானால் காலை 9 மணிக்குள் போய், அவர்கள் வரும்போது கிளம்பிவிடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கப்பல்தான் சரி.

எலஃபோனிசிக்கு ஹானியாவிலிருந்து 75 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். கடற்கரை முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அலை வந்து தொடும் விளிம்பில், ஒரு சாண் இரண்டு சாண் அகலப் பட்டையாகத்தான் அந்த நிறம். உள்ளங்கையில் ஈரமணலை அள்ளி வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளை மணலுக்குள் ரவையைவிடப் பொடியாக, பவளச் சிவப்பில் துணுக்குகள் மின்னும். ஃபொராமினிஃபெரா என்னும் நுண்ணுயிர்களின் ஓடுகள், நொறுங்கிய சிப்பிகள். பார்த்துவிட்டு அங்கேயே கொட்டிவிட வேண்டும். ஒரு பிடி எடுத்துவந்தாலும் குற்றம். ஆயிரம் ஆயிரம் பேர் ஆளுக்கொரு பிடி எடுத்தால் அந்தப் பட்டை எத்தனை நாள் தாங்கும்? மணல்மேடுகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் கயிற்றையும் தாண்டாதீர்கள். அங்கே கூட்டம் தாங்கவில்லையென்றால், கிழக்கே கொஞ்ச தூரம் நடந்தால் கேத்ரோதாஸோஸ். முறுக்கேறிய ஜூனிப்பர் மரங்களின் நிழல், கடை எதுவும் கிடையாது, குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும்.

ப்ரெவெலியில் பேரீச்சைத் தோப்பு நடுவே ஓர் ஆறு வந்து கடலில் சேர்கிறது. 2010-இல் தீப்பிடித்துக் கருகிய மரங்கள் மறுபடி துளிர்த்து நிற்கின்றன. ஆற்று நீர் கோடையிலும் குளிரும், கடல் நீர் ஆகஸ்டில் 25 டிகிரியைத் தொடும். இரண்டும் கலக்கும் இடத்தில் நின்றால் ஒரு காலுக்குச் சூடு, மறு காலுக்குச் சில்லிப்பு. இறங்கும் பாதை செங்குத்து, இங்கேயும் காற்று நாளில் பள்ளத்தாக்கு வழியே அடிக்கும்.

மணலா, கூழாங்கல்லா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். மணல் என்றால் பெரும்பாலும் ஆழம் மெதுவாகக் கூடும், தவழும் பிள்ளைக்கு ஏற்றது. கூழாங்கல் கரையில் நாலு எட்டில் கழுத்தளவு வந்துவிடும், ஆனால் தண்ணீர் தெளிவு, உடலில் ஒட்டாது, காற்றில் கண்ணில் விழாது. ரப்பர் அடி வைத்த நீர்ச்செருப்பு ஆளுக்கொரு ஜோடி வாங்கிவிடுங்கள். சூடான கல்லுக்கும், பாறையில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலிக்கும் அதுதான் காவல். மணலில் புதைந்திருக்கும் த்ராகெனா மீன் குத்தினால் வலி உயிர் போகும். தாங்கக்கூடிய வெந்நீரில், கொதிநீரில் அல்ல, காலை அரை மணி நேரம் வைத்தால் வலி தணியும். மூச்சுத் திணறினாலோ உடல் தடித்தாலோ உடனே 112. கரையில் ஒதுங்கிய பழுப்புக் கடற்புல்லைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள். அது கரை அரிக்காமல் காக்கிறது.

குடையும் சாய்வுப் படுக்கையும் வாடகைக்கு உண்டு, விலையை உட்காரும் முன் கேளுங்கள். 2024-இல் வந்த சட்டப்படி அவை தண்ணீரிலிருந்து குறைந்தது 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கரையில் பாதி பொதுமக்களுக்குச் சும்மா விடப்பட வேண்டும், பாதுகாக்கப்பட்ட கரைகளில் இன்னும் அதிகம். ஆகவே துண்டை விரித்து உட்கார உங்களுக்கு உரிமை உண்டு.

ரெதிம்னோ, ஹானியா, மெஸ்ஸாரா கரைகளில் பெருந்தலைக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. வேலி வைத்த இடத்தருகே குடையைக் குத்தாதீர்கள். பிள்ளைகள் தோண்டிய குழியைக் கிளம்பும் முன் மூடிவிடுங்கள். இரவில் பொரித்து வரும் குஞ்சு அதில் விழுந்தால் ஏற முடியாது. இருட்டியபின் டார்ச் அடிப்பதும் வேண்டாம்.

காற்று தணிந்த ஒரு மாலை கிடைத்தால் மேற்கே ஃபலாசர்னாவுக்குப் போங்கள். சூரியன் நேராகக் கடலில் இறங்கும். இருட்டும் முன் வடக்கு முனைக்கு நடந்தால் பழைய துறைமுகம் ஒன்று இருக்கிறது, தண்ணீரே இல்லாமல். கி.பி. 365-இல் வந்த நிலநடுக்கத்தில் இந்த நிலம் 6 மீட்டருக்கு மேல் எழும்பிவிட்டது. அன்றைய கடல்மட்டம் பாறையில் கோடாக இன்னும் தெரிகிறது, நம் தலைக்கு வெகு மேலே.

வணக்கம்.