பிரசவத்தோடு சர்க்கரை போய்விட்டதா?

[திரையில்: விடியற்காலை, கம்பம். ஏலத்தோட்ட வேலைக்குக் கேரள மலைக்குப் புறப்படும் ஜீப்புகள்.]

கர்ப்ப காலத்தில் ஏறிய சர்க்கரை, குழந்தை பிறந்த சில நாட்களிலேயே பெரும்பாலான பெண்களுக்கு இறங்கிவிடுகிறது. “சுகர் போயிருச்சு” என்று வீடே நிம்மதி அடைவதும் இயல்புதான். ஆனால், அப்படிச் சர்க்கரை வந்து போன பெண்ணுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு நோய் வரும் வாய்ப்பு, மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ 7 முதல் 10 மடங்கு அதிகம் என்று பெரிய தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

[திரையில்: நஞ்சுக்கொடி, கணையம் – வரைபடம்.]

நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. அதை ஈடுகட்டும் அளவுக்குக் கணையத்தால் கூடுதல் இன்சுலினைச் சுரக்க முடியாதபோதுதான் சர்க்கரை ஏறுகிறது. பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறிவிடுகிறது. கணையத்தின் பலவீனம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

அதனால்தான், உணவுக் கட்டுப்பாடு போதாமல் இன்சுலின் ஊசி போட வேண்டியிருந்தவர்கள், ஆறாம் மாதத்துக்கு முன்பே சர்க்கரை கண்டறியப்பட்டவர்கள், வெறும் வயிற்றிலேயே அளவு கூடியிருந்தவர்கள் ஆகியோரை மருத்துவர்கள் அதிகக் கவலையோடு பார்க்கிறார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ நீரிழிவு இருப்பதும், அடுத்த கர்ப்பத்திலும் சர்க்கரை வருவதும் அபாயத்தைக் கூட்டுகின்றன.

இவற்றை நம்மால் மாற்ற முடியாது. பிரசவத்துக்குப் பிறகு ஏறும் எடையை மாற்ற முடியும். பச்சை உடம்புக்குத் தெம்பு வேண்டும் என்று வெல்லப்பாகில் கிண்டி, நெய் விட்டு இறக்கிய லேகியத்தைக் காலையும் மாலையும் உருட்டிக் கொடுக்கும் பாட்டியின் அன்பில் குறையில்லை. இந்தத் தாய்க்கு அந்த வெல்லம் வேண்டாம் என்பதை மட்டும் அவருக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். தாய்ப்பாலை நீண்ட காலம் கொடுத்த பெண்களுக்குப் பின்னாளில் நீரிழிவு குறைவாகவே வருவதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

“தோட்ட வேலைக்குப் போறவளுக்கு எப்படிச் சுகர் வரும்?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிய சரங்களில் காய்க்கிறது. அதை எடுப்பவர் நாள் முழுவதும் குனிந்தும் குந்தியும் இருக்கிறார். உடல் அலுத்துப்போகும் வேலைதான், மறுப்பதற்கில்லை. ஆனால், உழைப்பாளிக்கு நீரிழிவு வராது என்று நம்பி, பிரசவத்துக்குப் பிறகு செய்ய வேண்டிய சர்க்கரைப் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

[திரையில்: குமுளி சோதனைச் சாவடி.]

எல்லைப் பகுதியில் இந்தப் பரிசோதனை தவறிப்போவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கர்ப்பத்தில் பார்த்தது இடுக்கி மாவட்டத்து மருத்துவமனை, தலைப்பிரசவம் தேனி மாவட்டத்துத் தாய் வீட்டில், பிறகு மறுபடியும் மலையேற்றம் என்று போகும்போது, இங்கே எழுதிய சீட்டு அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆகவே கர்ப்பகாலச் சர்க்கரை அளவுகள் எழுதிய தாள்களைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். இரண்டு மாநிலங்களிலும் எந்த மருத்துவரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.

குழந்தைக்கு ஒன்றரை மாத ஊசி போடும் நாளிலேயே தாயும் பரிசோதனை செய்துகொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, இரவு உணவுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுக் காலையில் செல்லுங்கள். முதலில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைக் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் குழந்தைக்குப் பால் கொடுக்கலாம். இரண்டாவது அளவு 140-க்குக் கீழே இருக்க வேண்டும். 140 முதல் 199 வரை நீரிழிவின் முன்நிலை. 200-ஐத் தொட்டாலோ, வெறும் வயிற்றில் 126-ஐ எட்டினாலோ அது நீரிழிவைக் குறிக்கும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை மட்டும் இப்போது நம்ப வேண்டாம். பிரசவ ரத்தப்போக்கும் ரத்தசோகையும் அதன் முடிவை மாற்றிவிடும்.

அளவு சரியாக இருந்தாலும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவருவது நல்லது. அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது, நாள் தள்ளிப்போகும் வரை காத்திருக்காமல் அதற்கு முன்பே பரிசோதியுங்கள். ஏனெனில் சிசுவின் இதயமும் முதுகுத்தண்டும் உருவாவது கர்ப்பத்தின் முதல் சில வாரங்களில்தான். அந்த நேரத்தில் தாயின் ரத்தத்தில் மிகுந்திருக்கும் சர்க்கரை அவற்றைப் பாதிக்கக்கூடும்.