பறையை நாம் எடுத்து அடிக்கலாமா? காட்பாடி மாணவரின் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம் தோழர்களே. காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அனுப்பிய கேள்வியை இன்று எடுத்துக்கொள்கிறேன். கொஞ்சம் நீளமான கேள்வி, சுருக்கிப் படிக்கிறேன்.

“ஐயா, நாங்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு பகுத்தறிவுப் படிப்பு வட்டம் நடத்துகிறோம். பெரியார் பிறந்தநாள் நிகழ்ச்சிக்காகச் செல்பேசியில் வீடியோ பார்த்துப் பறை கற்றுக்கொள்ளத் தொடங்கினோம். ‘எங்கள் அப்பனும் பாட்டனும் அவமானப்பட்டு அடித்த பறை இது. நீங்கள் மேடையில் கைதட்டல் வாங்க எடுத்துக்கொள்கிறீர்கள். இது பண்பாட்டு அபகரிப்பு’ என்று சொல்லிவிட்டு ஒரு நண்பர் வட்டத்தை விட்டே போய்விட்டார். இன்னொருவரோ, ‘நாத்திகம் என்றால் கடவுள் இல்லை என்பது மட்டும்தான். சாதி, சமூக நீதி, அபகரிப்பு என்று எதையெதையோ அதன் தலையில் ஏற்றாதீர்கள்’ என்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?”

இரண்டாவது நண்பரிடமிருந்து தொடங்குகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நானும் அவரைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அப்போது நான் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். விடுமுறை நாட்களில் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவோம். மந்திரவாதிகள் செய்வதை எல்லாம் மேடையில் நாங்களும் செய்துகாட்டி, அதன் காரணத்தைச் சொல்வோம். மஞ்சள் நீரில் சுண்ணாம்புத் தண்ணீரை விட்டால் இரத்தம் போலச் சிவக்கும். அதைக் காட்டித்தான் செய்வினை என்று பணம் பறிப்பார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூளின் மேல் இரண்டு சொட்டு கிளிசரின் விட்டால், சிறிது நேரத்தில் தானாகத் தீப்பிடிக்கும். தீக்குச்சி இல்லாமல் யாக குண்டம் எரிவது இப்படித்தான். நாக்கில் கற்பூரம் ஏற்றுவோம். பிள்ளைகள் ஓடி வந்து பெட்டியைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிராமத்தில் மாரியம்மன் கோயில் முன்னால் பந்தல் போட்டிருந்தார்கள். ஊர்த் தெருக்காரர்கள் பந்தலுக்குள்ளே பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். காலனிக்காரர்கள் புளியமரத்துக்கு அந்தப் பக்கம், விளக்கு வெளிச்சம் எட்டாத இடத்தில் நின்றுகொண்டே பார்த்தார்கள். நான் அதைப் பார்த்தேன், பார்த்துக்கொண்டே நிகழ்ச்சியை முடித்தேன். நல்ல கைதட்டல். பெட்டியைக் கட்டும்போது காலனியிலிருந்து ஒரு பெரியவர் வந்து நான்கு எட்டு தள்ளி நின்றார். “சார், மந்திரவாதி சொல்வது பொய் என்று காட்டினீர்கள், ஒத்துக்கொள்கிறேன். இங்கே டீக்கடையில் எனக்குத் தனி கிளாஸ் வைத்திருக்கிறார்கள். நான் தொட்டால் தீட்டு என்கிறார்கள். அது பொய் என்றும் இதே மேடையில் சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டார்.

“அது வேறு விஷயம் பெரியவரே” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

வேலூர் வந்து சேரும்வரை அந்த வார்த்தை என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. எப்படி வேறு விஷயம்? ஒருவர் உடம்பில் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது, தொட்டால் அது அடுத்தவருக்குப் போகும் என்பது பேய் பற்றிய நம்பிக்கை. தீட்டு பற்றிய நம்பிக்கையும் எழுத்துக்கு எழுத்து அதுவேதான். அளக்க முடியாது, எடை போட முடியாது, எந்தச் சோதனையிலும் சிக்காது. பேயை மட்டும் சோதனை மேசைக்கு இழுத்து வந்தேன், தீட்டை விட்டுவிட்டேன். பேய் இல்லை என்றால் முன்வரிசை கைதட்டும், தீட்டு இல்லை என்றால் முன்வரிசை எழுந்து போய்விடும். நான் செய்த தேர்வுக்கு அதைத் தவிர வேறு காரணம் கிடையாது. அதை இன்றும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

ஆகவே தம்பி, உங்கள் நண்பர் சொல்வது அகராதிப்படி சரி. நாத்திகம் என்ற சொல்லுக்குக் கடவுள் மறுப்பு என்பதுதான் பொருள். ஆனால் நம் மண்ணில் அந்தக் கடவுள் மறுப்பு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் ஒரு மனிதன் ஏன் நடக்கக் கூடாது என்று 1924இல் கேரளத்தின் வைக்கத்தில் எழுந்த கேள்வி அது. நடக்கக் கூடாது என்றவர்கள் சாத்திரத்தைக் காட்டினார்கள். சாத்திரத்தைக் கேட்டால் கடவுளைக் காட்டினார்கள். பெரியார் கடவுள்வரைக்கும் போய்க் கேட்டது அந்தத் தெருவிலிருந்து புறப்பட்டுத்தான்.

அவருடைய கடைசிப் போராட்டம் எதற்காக என்று யோசித்துப் பாருங்கள். கோயில் கருவறைக்குள் போகும் உரிமைக்காக! கடவுளே இல்லை என்றவருக்கு அர்ச்சகர் வேலை யாருக்குப் போனால் என்ன? இன்றைய கணக்குப்படி அது அவருக்குச் சம்பந்தமில்லாத விவகாரம். ஆனால் பிறப்பைக் காரணம் காட்டி ஒருவரை வாசலில் நிறுத்தும் இடம் எதுவாக இருந்தாலும் அது தன்னுடைய விவகாரம் என்று அவர் நினைத்தார். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்கும் சட்டம் 1970 இறுதியில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1972இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும் கோயில் வழிபாட்டு முறைகளைச் சொல்லும் ஆகம விதிகள் என்ற தடையை அப்படியே விட்டுவைத்தது. 1973 டிசம்பர் 19ஆம் தேதி சென்னை தியாகராய நகரில், வலியோடு பேசிய கடைசிக் கூட்டத்திலும் அந்த இழிவைப் பற்றித்தான் பேசினார். ஐந்து நாள் கழித்து, 24ஆம் தேதி, நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. அந்தச் சாலையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் என்ற ஏற்பாட்டில், பயிற்சி முடித்தவர்கள் பணி ஆணை வாங்கியது 2021 ஆகஸ்டில். இடையில் நாற்பத்தேழு ஆண்டுகள் ஓடிவிட்டன.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் 2012இல் ஜென் மெக்ரைட் என்ற பெண் ‘ஏதீயிசம் பிளஸ்’ என்று ஒன்றை முன்வைத்தார். கடவுள் மறுப்போடு பெண்ணுரிமை, இனவெறி எதிர்ப்பு, சமூக நீதி எல்லாம் சேர வேண்டும் என்றார். நாத்திகர் மாநாடுகளுக்கு வரும் பெண்கள் தங்களுக்கு நேர்ந்த தொல்லைகளைப் பேசத் தொடங்கியிருந்த காலம் அது. “அதை எல்லாம் இங்கே கொண்டுவராதீர்கள்” என்று பலர் சீறினார்கள். நண்பர்கள் பிரிந்தார்கள். சில ஆண்டுகளில் அந்தப் பெயர் மங்கிவிட்டது, பிளவு மட்டும் ஆறவில்லை. அவர்கள் கதையை இதற்குமேல் இழுக்க விரும்பவில்லை. நம்முடைய கேள்வி பறையைப் பற்றியது.

வட்டத்தை விட்டுப் போன நண்பருக்கு வருகிறேன்.

என்னிடம் படித்த ஒரு மாணவர் இன்று வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறார். அவர் பள்ளியில் படித்த காலத்தில், ஊரில் சாவு விழுந்தால் அவருடைய அப்பா பறை அடிக்கப் போயாக வேண்டும். மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவருக்குக் கிடையாது. அன்றைக்கு இந்தப் பையன் பள்ளிக்கு வர மாட்டான். உடன் படிக்கும் பிள்ளைகளின் தெரு வழியாகத்தானே பிண ஊர்வலம் போகும்! சில ஆண்டுகளுக்கு முன் நகரத்தில் ஒரு தமிழ் விழாவில் அவரைப் பார்த்தேன். இளைஞர்கள் ஒரே நிறச் சட்டை போட்டு அருமையாகப் பறை அடித்தார்கள். இவர் பாதியில் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். பின்னால் போய் என்னவென்று கேட்டேன். “எங்கள் அப்பாவுக்குக் கூலியைக் கையில் கொடுத்ததே இல்லை சார். தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார்கள். உள்ளே சால்வை போர்த்துகிறார்கள். என்னால் உட்கார முடியவில்லை” என்றார்.

உங்கள் நண்பர் சொன்ன அபகரிப்பு என்ற வார்த்தை ஆங்கிலப் பல்கலைக்கழகங்கள் வழியாக வந்திருக்கலாம். வலி அங்கிருந்து வரவில்லை. ஆகவே அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அவரை மடக்கப் பார்க்காதீர்கள்.

பறையை மேடைக்குக் கொண்டுவந்தவர்கள் யார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். வசைச் சொல்லாக எறியப்பட்ட பெயரையே தலைப்பாக வைத்து, தலித் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கியது 1893இல். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி, 1990களில், எத்தனையோ ஊர்களில் காலனி இளைஞர்கள் சாவுக்குப் பறை அடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள், அதற்காக அடியும் பட்டார்கள். அதே தலைமுறையில் வேறு சிலர் அதே பறையை நிமிர்ந்து நின்று மேடையில் அடித்தார்கள். மறுத்ததும் அடித்ததும் ஒரே தன்மானம்தான். நீங்கள் இன்று கூச்சமில்லாமல் அதை வாங்கித் தோளில் மாட்டிக்கொள்ள முடிகிறது என்றால், அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்துவிட்டார்கள்.

பொருளைப் பெருமையாக்கிக்கொண்டு மனிதரை வெளியே நிறுத்துவது நம் வட்டாரத்தில் பழகிப்போன ஒன்று. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா நடத்தப்போவதாகத் திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. ஊர்ப் பெருமை, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு அங்கே இடமில்லை என்றார்கள். ஆம்பூரில் அதைச் சமைப்பவர்களும் சாப்பிடுபவர்களும் எத்தனை பேர் என்று தெருவில் நடந்தாலே தெரியும். மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் இது பாகுபாடு என்று நோட்டீஸ் அனுப்பியது. மழையைக் காரணம் சொல்லித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. தோலையே எடுத்துக்கொள்ளுங்களேன். ராணிப்பேட்டையிலும் வாணியம்பாடியிலும் சுண்ணாம்புத் தொட்டியில் காலை வைத்து நிற்பவருக்கு ஒரு மரியாதை, அதே தோல் ஷூவாகிக் கப்பல் ஏறும்போது அதற்கு வேறு மரியாதை.

அப்படியானால் பறையை மற்றவர்கள் தொடவே கூடாதா? இங்கே நான் உங்கள் நண்பரோடு ஒத்துப்போக மாட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும் இதைச் சொல்வேன். இன்ன பிறப்பில் பிறந்தவர் மட்டும் இன்ன கருவியைத் தொடலாம் என்பது யாருடைய சட்டம்? அவருடைய அப்பாவைச் சாவு வீட்டுக்கு இழுத்துப்போன சட்டம்தான். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் 2015இல், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான மையத்தில் நடந்த இலவச யோகா வகுப்பை, அது அடக்கி ஆளப்பட்டவர்களின் பண்பாடு என்ற தயக்கத்தில் மாணவர் சங்கம் நிறுத்தியது. சில மாதங்கள் கழித்து இந்திய வம்சாவளி ஆசிரியர் ஒருவரைக் கொண்டு வகுப்பு மறுபடி தொடங்கியது. இதில் எந்த அநீதி சரிசெய்யப்பட்டது? யோகா யாருக்கெல்லாம் மறுக்கப்பட்டது என்று இந்தியாவில் கேட்க வேண்டிய கேள்வியை அங்கே யாரும் கேட்கவே இல்லை. பிறப்பு தகுதிச் சீட்டாகிவிட்டது, அவ்வளவுதான். நம் ஊரில் அப்படி ஒரு முடிவுக்கு நாம் போகக் கூடாது.

பறையின் சட்டகம் பெரும்பாலும் மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த வட்டம். அதில் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். ஈரக் காற்றில் தோல் தளர்ந்துவிடும், ஓசை மந்தமாகும். வைக்கோல் தீயில் காட்டினால் ஈரம் போய், தோல் விறைத்து, ஓசை உயரும். இந்த அறிவியலை நான் ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டேன். ஆனால் எவ்வளவு நேரம் காட்ட வேண்டும், எந்த இடத்தில் நிறுத்தாவிட்டால் தோல் கிழியும் என்பது புத்தகத்தில் கிடையாது. அது ஒரு பெரியவரின் உள்ளங்கையில் இருக்கிறது. நீங்கள் செல்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். என் மனத்தில் தைத்தது அந்த வரிதான். காட்பாடியைச் சுற்றி எத்தனை கிராமங்கள் இருக்கின்றன! ஒரு பறைக் கலைஞரின் வீட்டுக்குப் போய், அவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஆசானாக வருவீர்களா என்று கேட்டீர்களா? வந்தால், மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் ஊதியத்தை அவர் கையில் கொடுங்கள். அழைப்பிதழில் அவர் பெயர் முதலில் வரட்டும். வரமாட்டேன், இந்தச் சனியனை என் பிள்ளை கண்ணில் காட்டவே விரும்பவில்லை என்று அவர் சொன்னால், கலையைக் காப்பாற்ற வேண்டாமா என்று அவருக்குப் பாடம் நடத்தாமல் திரும்பி வாருங்கள். மறுப்பதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு.

இன்னொன்றும் கேட்கிறேன். வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் என்ன நடந்தது என்று உங்கள் வட்டத்தில் பேசியிருக்கிறீர்களா? சுடுகாட்டுக்குப் போகும் வழியில் வேலி போட்டிருந்ததால், ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. ஊராருடைய பிணம் போகும்போதெல்லாம் முன்னால் பறை அடித்து நடக்க வைக்கப்பட்டவர்களுக்கு, தங்கள் வீட்டுப் பிணத்தைக் கொண்டுபோக வழி இல்லை. இது நம் பாலாற்றில் நடந்தது. பறை கற்கும் பன்னிரண்டு பேரும் இப்படி ஒரு வழக்கில், ஒரு மனுவில், ஒரு போராட்டத்தில் கூட நின்றிருந்தால், உங்கள் நண்பர் எழுந்து போயிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

பிறந்தநாள் நிகழ்ச்சியில் பறை இருக்கலாமா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த நண்பரைப் பார்க்கப் போங்கள். செல்பேசியில் செய்தி அனுப்பாதீர்கள், பன்னிரண்டு பேராகவும் போய் நிற்காதீர்கள். நீங்கள் ஒருவர் மட்டும் அவர் வீட்டுக்குப் போங்கள். வருத்தம் தெரிவிப்பதற்கு முன்னால் அவர் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் இருவரும் வேலூருக்கு வாருங்கள். இந்த நாற்காலியில் அவர் உட்காரட்டும். நான் சொன்னதில் எது தவறு என்று அவர் பேசட்டும், அதை வெட்டாமல் அப்படியே வெளியிடுகிறேன்.